கடைசி வெட்டு வெள்ளையில் இருந்தது: பிரெஞ்சு அரச மாளிகை அறை ஒன்றின் செதுக்குப் பலகைகள் – நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்காக

பிரான்சில் ஒரு காலத்தில் அரச குடும்பத்தின் இல்லமாக இருந்து, இப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஒரு மாளிகையில் ஒரே ஓர் அறையின் மரச் சுவர்களைச் சீரமைத்த கதை இது. அந்தக் குழுவில் ஆவணப் பதிவு என் பொறுப்பு. படம் எடுப்பதும், அன்றன்று எதைத் தொட்டோம், எதைக் கொண்டு தொட்டோம் என்று எழுதி வைப்பதும் என் வேலை. தொடக்கத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. திரும்பச் சரிசெய்ய முடியாத தவறு. அதனால் மாளிகையின் பெயரையும் உடன் உழைத்தவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். தவறு எப்படி நேர்ந்தது என்பதை மட்டும் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய மரவேலையைக் கையில் எடுக்கிறவர்கள் எங்களுக்கு முன்பாகவே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி: இந்தச் சுவர்கள் உருவான விதம்

பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் வெர்சாய் அரண்மனையின் பெரிய மண்டபங்களுக்கு வண்ணச் சலவைக்கல்லும் கனத்த பட்டுத் துணியும் அழகு சேர்த்தன. பார்க்கப் பிரமாதம், குடியிருக்கக் கடினம். அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயி, முன்னவரின் படுக்கையறை குளிர்காலத்தில் தாங்கவில்லை என்பதால் 1738இல் தனக்கென்று சிறிய படுக்கையறை ஒன்றை அமைத்துக்கொண்டார். எழுவதும் உறங்கப் போவதுமான அரச சடங்குகளை மட்டும் பழைய அறையில் தொடர்ந்தார். புதிய அறையின் சுவர்களுக்கு மரம். பிரெஞ்சில் இதைப் 'புவாசரி' என்பார்கள். தரையிலிருந்து விதான விளிம்புவரை சுவரை மூடும் செதுக்குப் பலகைகள் அவை. வெள்ளைப் பின்னணியில் பொன் பூசிய செதுக்கல், இடையிடையே நிலைக்கண்ணாடி என்று அந்தக் காலத்து அரச அறைகளின் முகமே இதுதான்.

ஆன்ட்வெர்ப்பில் பிறந்து பாரிசுக்கு வந்த ஜாக் வெர்பெர்க்ட் இந்தக் கலையின் பெரிய பெயர். 1742 முதல் அரசரின் முதன்மைக் கட்டடக் கலைஞராக இருந்த ஆன்ஜ்-ஜாக் காப்ரியேல் வரைந்து கொடுக்க, வெர்பெர்க்டின் பட்டறை செதுக்கியது. அரசர் அமைச்சர்களைச் சந்தித்த ஆலோசனை அறையின் பலகைகளை 1755இல் செதுக்கியவர் அந்துவான் ரூசோ. பிறகு அவருடைய மகன்கள் அரசி மரி அந்துவானெத்தின் அறைகளுக்கு வேலை செய்தார்கள். வெர்சாய்த் தோட்டத்திலுள்ள குட்டி திரியானோன் மாளிகையின் பூக்களையும் பழங்களையும் செதுக்கியவர் ஒனோரே கீபேர். பெயர் தெரிந்தவர்கள் இவர்கள். இவர்களின் பட்டறைகளில் உளி பிடித்த பெரும்பாலோரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

எங்கள் தவறு பிறந்தது செய்முறையை அறியாத இடத்தில். அதனால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் தச்சர். நல்ல ஓக் மரம் லொரேன், வோஜ் பகுதிக் காடுகளில் வெட்டப்பட்டு, ரைன் ஆற்றில் மிதந்து ஹாலந்து போய், அங்கே காற்றாலை வாள்களில் அறுபட்டு பாரிசுக்கு வந்தது. அதனாலேயே அதற்கு 'ஹாலந்து மரம்' என்று பெயர். சட்டத்தின் பள்ளத்தில் பலகையை ஒட்டமாட்டார்கள். தளர்வாக உட்கார வைப்பார்கள். மரம் நீளவாட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்குவாட்டில்தான் சுருங்கும், விரியும். அந்த அசைவுக்கு இடம் வேண்டும்.

அடுத்து மரச்சிற்பி. சிப்பிகள், பனையோலைகள், ரிப்பனில் தொங்கும் இசைக் கருவிகள் என்று உருவங்களை உளியால் எழுப்புவார். ஆனால் பொன் பூசப்போகிற இடங்களில் அவர் எல்லாவற்றையும் மரத்திலேயே முடித்துவிடுவதில்லை. உருவம் எழுந்ததும் நுணுக்கங்களை அடுத்தவருக்கு விட்டுக் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிடுவார்.

அந்த அடுத்தவர் பொன் பூசுகிறவர். தோலை ஊறவைத்துக் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையில் சீமைச்சுண்ணாம்பைக் குழைத்து, ஒரு கை காய்ந்தபின் அடுத்த கையாக ஏழெட்டு, சில சமயம் பத்துக் கை பூசுவார். இவ்வளவு வெள்ளை ஏறியதும் மரத்தில் எழுப்பிய கோடுகள் மழுங்கிப் போகும். அப்போதுதான் கடைசிச் செதுக்கல் தொடங்குகிறது. கொக்கி போல வளைந்த சிறு இரும்புகளால், காய்ந்த அந்த வெள்ளைக்குள் இலை நரம்புகளைக் கீறுவார். சிப்பியின் வரிகளைக் கூராக்குவார். பின்புலத்தில் கண்ணி கண்ணியாகக் கட்டம் போடுவார். மரத்தில் முடியாத மெல்லிய கோடு வெள்ளையில் முடியும். பிரெஞ்சில் இதற்கு 'ரெப்பாரியூர்' என்று பெயர். அதன்மேல் மஞ்சள் காவி, மேடான இடங்களில் செங்காவிக் குழம்பு, அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு. பள்ளத்தின் ஆழத்தில் ரேக்கு எட்டாத இடத்தில் மஞ்சள் காவியே பொன்போலக் கண்ணை நிறைக்கும். சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். சில இடங்களை மங்கலாகவே விடுவார். மெழுகுவத்தி வெளிச்சம் அசையும்போது ஒன்று மின்ன, மற்றொன்று அடங்கியிருக்கும்.

செதுக்கல் இல்லாத வெற்றுப் பரப்புக்கும் பசை கலந்த மங்கல் வெள்ளைதான். அரசரின் அறைகளில் பழகியதால் அதற்கு 'அரசர் வெள்ளை' என்றே பெயர். மிக அழகானது, மிக எளிதில் அழுக்காவது.

இப்படிப்பட்ட அறைகளில் பல இன்று இல்லை. சேன்-க்ளூ மாளிகை 1870இல் எரிந்தது. பாரிசின் துய்லெரி அரண்மனை 1871இல் எரிந்தது. வெர்சாயை லூயி-பிலிப் அரசர் வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றி 1837இல் திறந்தபோது, பெரிய ஓவியங்களை மாட்டச் சுவர் வேண்டும் என்பதற்காக இளவரசர்கள், இளவரசிகள் வாழ்ந்த அறைகளின் பலகைகள் பெயர்க்கப்பட்டன. மன்னர்களே தங்கள் அறைகளை அடிக்கடி மாற்றியவர்கள்தான். வெர்சாயின் கடிகார அறையில் 1738இன் பலகைகளுடன் 1760இல் புதியவை சேர்க்கப்பட்டன. இவ்வளவுக்கும் தப்பி ஓர் அறையின் பலகைகள் தம் இடத்திலேயே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

அறையில் கண்டது

எங்கள் அறை முதல் மாடியில், கிழக்கு பார்த்த இரண்டு ஜன்னல்களுடன் இருந்தது. எட்டு உயரப் பலகைகள்; அவற்றின் கீழே இடுப்பளவுக்குச் சிறு பலகைகள்; ஓர் இரட்டைக் கதவு. ஒவ்வொரு உயரப் பலகையின் தலையிலும் சிப்பி, நடுவில் தொங்கும் இசைக் கருவிகள், அடியில் நடு அச்சின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக விரியும் பனையோலைகள்.

வெள்ளை முழுவதும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. பொன் இருக்க வேண்டிய இடங்கள் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் பச்சை தட்டியிருந்தன. செதுக்கல்கள் மெழுகு உருகிப் படிந்ததுபோலக் கூர்மையின்றித் தெரிந்தன. பலகைகளில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல்கள். விரிசலின் இரு கரைகளிலும் பூச்சு செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

முதல் வாரத்திலேயே அந்த அறையைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பல ஆண்டுகளாகத் தரையில் விழுந்த செதில்களை அவர் குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருந்தார். உறைமேல் பென்சிலால் மாதம் எழுதியிருந்தது: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. கோடையில் ஒன்றுகூட இல்லை. "சூடேற்றும் கருவியைத் திருப்பிய பிறகுதான் விழுகிறது" என்றார். நன்றி சொல்லி வாங்கி, உறைக்கு எண் கொடுத்து இழுப்பறையில் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. இந்த வேலை முழுவதிலும் என்னுடைய பெரிய தவறு இதுதான்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பூச்சின் அடுக்குகளை அறிய மூன்று இடங்களில் சிறு சதுரங்களைத் திறந்தோம். மூன்றும் எளிதில் கை எட்டும் இடங்கள்: இரண்டு வெற்றுப் பரப்பில், ஒன்று நேரான சட்ட விளிம்பில். மேலே எண்ணெய் வண்ணம் பல கை. அதன் கீழே ஒட்டிக்கொண்டிருந்த சிறிது வெள்ளை. அடியில் நல்ல ஓக். செதுக்கலுக்குள் ஒரு சதுரம்கூடத் திறக்கவில்லை. நுண்ணிய இடத்தைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

இதிலிருந்து எடுத்த முடிவு: செதுக்கலை மழுங்கடிப்பது பிற்காலப் பூச்சுகள்; எல்லாவற்றையும் மரம்வரை நீக்கினால் சிற்பியின் உளி வேலை வெளிப்படும்; பிறகு புதிதாக வெள்ளையும் பொன்னும் பூசலாம். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பொன் இருந்த இடத்தில் இப்போதிருப்பது ரேக்கு அல்ல, பித்தளைத் தூள் கலந்த மலிவு வண்ணம் என்று கண்ணுக்கே தெரிந்தது. அதனால் பழைய பொன் என்றோ போய்விட்டது என்று நினைத்தோம். போதாக்குறைக்கு, கலைப்பொருள் சந்தையில் இதுபோன்ற பழைய பலகைகளைச் சுரண்டி வெறும் மரமாக்கி, அதுவே அசல் என்று விற்ற வழக்கம் நீண்ட காலம் இருந்தது. வெறும் ஓக்கின் பழுப்பு நிறத்தை அசல் என்று நம்ப எங்கள் கண்களும் பழகியிருந்தன. ஃபோன்டென்புளோ அரண்மனையில் முதலாம் பிரான்சுவா மன்னரின் கூடத்தில் இத்தாலியத் தச்சர் ஷிபெக் த கார்ப்பி 1530களில் செய்த வால்நட் பலகைகள் மரத்தின் நிறத்திலேயே இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது வேறு நூற்றாண்டு, வேறு நோக்கம்.

குழுவில் பொன் பூசும் வேலையில் முதிர்ந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய கட்டம் கடைசியில்தான் என்பதால் தொடக்கக் கூட்டங்களுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. கால அட்டவணையில் அது சிக்கனமாகத் தெரிந்தது.

பதினோராம் நாள்

ஆறாம் பலகையின் இடது அடிப்பகுதியில் வேலை தொடங்கியது. எண்ணெய் வண்ணத்தை இளக்கும் காரக் களிம்பைத் தடவி, ஊறவிட்டு, மரக் கரண்டியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைப்பது முறை. எண்ணெய் வண்ணம் நன்றாகவே வந்தது. அதன் அடியிலிருந்த வெள்ளையும் தயிர்போல இளகிக் கூடவே வந்தது. களிம்பில் தண்ணீர் இருந்தது, பஞ்சிலும் தண்ணீர். வஜ்ஜிரப் பசைக்குத் தண்ணீர் போதும், இருநூறு ஆண்டு கடந்தாலும் கரைந்துவிடும்.

பதினோராம் நாள் மாலை, அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த இளம்பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு பஞ்சைக் காட்டினார். வெள்ளைச் சேற்றுக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள், கடுகைவிடச் சிறியவை. விளக்கருகே கொண்டுபோனபோது மின்னின. பித்தளைத் தூள் அந்த வயதில் மின்னாது. பொன்தான்.

அன்று அவ்வேளையில் வேறு வேலையாக வந்திருந்த பொன் கலைஞரை அழைத்துவந்தோம். அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. நேராகப் பலகையைப் பார்த்தார். நாங்கள் மரம்வரை சுத்தம் செய்த மூன்று பனையோலைகள் துடுப்புபோல வெறுமையாக நின்றன. உளித் தடம் சொரசொரப்பாக அப்படியே இருந்தது; நரம்பு ஒன்றுகூட இல்லை. பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னார். கைவிளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, அதே பலகையின் வலது அடியில் நாங்கள் தொடாத எதிர் ஓலைமேல் ஒளியைப் படரவிட்டார். நான்கு கை எண்ணெய் வண்ணத்தையும் மீறி, மயிரிழை நிழல்களாக நரம்புகள் எழுந்தன. ஓலையின் அடியிலிருந்து நுனிவரை ஒன்றன்பின் ஒன்றாக, நுனிக்கு நெருங்க நெருங்க நெருக்கமாகி ஓடின. நாங்கள் தொட்ட பக்கத்திலும் அவை இருந்திருக்கின்றன. வாளியில் இருந்த சேற்றுக்குள் போய்விட்டன.

யாரும் பேசவில்லை. அம்மையார் விளக்கை அணைத்துவிட்டு, "இதைச் செதுக்கியவன் என் தொழில்காரன். மரத்தில் தேடினால் கிடைக்கமாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

நிறுத்தமும் பரிசோதனையும்

மறுநாள் காலை எங்கள் குழுவின் தலைமைச் சீரமைப்பாளர் எழுத்துமூலமாக வேலையை நிறுத்தினார். மாளிகைக் காப்பாளருக்கு அன்றே நடந்ததைத் தெரிவித்தார். மறைத்திருக்க முடியும். வெறும் மரம் வரும் என்றுதானே திட்டம் இருந்தது, யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த ஒரு கடிதத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

அப்போதுதான் நான் அந்தக் காகித உறையைத் திறந்தேன். செதிலின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அதன் விளிம்பை நுண்ணோக்கியின்கீழ் நிறுத்தினோம். நகத்தைவிடத் தடிமனில்லாத ஒரு செதிலுக்குள் அறையின் முழு வரலாறும் அடுக்கியிருந்தது. அடியில் சீமைச்சுண்ணாம்பின் பல கை, மேலே மஞ்சள் காவி, அதன்மேல் செங்காவி, அதன்மேல் நூலிழைபோலப் பொன். பொன்னுக்கு மேலே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு, மெழுகுவத்திப் புகையும் தூசியும் படிந்தது. அதற்கும் மேலேதான் எண்ணெய் வண்ணங்கள். முதல் வாரத்திலிருந்தே இந்தச் சாட்சி என் இழுப்பறையில் இருந்தது.

மற்றப் பரிசோதனைகள் இதையே உறுதிசெய்தன. உலோகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைச் செதுக்கலருகே பிடித்தால் பித்தளையின் செம்பும் துத்தநாகமும் மட்டுமல்லாமல் பொன்னின் சமிக்ஞையும் வந்தது. எண்ணெய் வண்ணங்களில் அடியில் இருந்தது ஈய வெள்ளை. நடுவில் இருந்த இரண்டு கைகள் புறஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. அது துத்தநாக வெள்ளையின் அடையாளம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலானது. மேல் கையில் டைட்டானியம் இருந்தது. ஆகவே அது 20ஆம் நூற்றாண்டு வேலை.

வெற்றுப் பரப்பின் கதை வேறாக இருந்தது. எண்ணெய் வண்ணம் அடிப்பதற்கு முன் பழைய பசை வெள்ளையைக் கழுவிவிடுவது வண்ணக்காரர்களின் வழக்கம்; கழுவாமல் அடித்தால் ஒட்டாது. இங்கேயும் கழுவியிருக்கிறார்கள். அசல் அரசர் வெள்ளை சட்ட மூலைகளின் இடுக்குகளில் மட்டும் தப்பியிருந்தது. நாங்கள் முதலில் திறந்த சதுரங்கள் ஏன் எதையும் சொல்லவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கழுவிப்போன இடங்களில் தேடிவிட்டு, எங்குமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தோம்.

இரண்டாம் முடிவு

புதிய திட்டத்தில் செதுக்கலையும் வெற்றுப் பரப்பையும் தனித்தனியாகப் பிரித்தோம்.

செதுக்கல்களில் தண்ணீர் கூடாது. எண்ணெய் வண்ணத்தை அறுவைக் கத்தியின் நுனியால் உலர்வாகவே நீக்குவது. மிகக் கெட்டியான இடங்களில் மட்டும் தண்ணீரில்லாத கரைப்பான் களிம்பைக் குறைந்த நேரம் வைப்பது. பழைய பொன்னுக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் நடுவே இருந்த புகை அடுக்கு எங்களுக்கு உதவியது. அது பலவீனமான அடுக்கு. கத்தி சரியான கோணத்தில் புகுந்தால் வண்ணம் அந்த இடத்தில் பிரிந்து உதிரும்.

வெற்றுப் பரப்பில் எதையும் நீக்குவதில்லை. அங்கே அடியில் காப்பாற்ற வேண்டியது கொஞ்சம்தான்; அந்தக் கொஞ்சத்தையும் ஈய வெள்ளைதான் மூடிப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய மங்கல் வெள்ளை ஒன்றை, மூலைகளில் கிடைத்த அசல் நிறத்தோடு ஒப்பிட்டுப் பூசுவது.

இந்த முறையில் வேலை பலமடங்கு மெதுவாகும். பணம் அதே பணம். எனவே ஜன்னல்கள் இருக்கும் சுவரைத் தொடாமல் தூசி தட்டி, தூக்கிய செதில்களை மட்டும் ஒட்டிவிடுவது என்று காப்பாளர் முடிவெடுத்தார். பார்வையாளர்கள் அந்தச் சுவரை எதிர்வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் நான்கு சுவரையும் அவசரமாகச் செய்வதைவிட மூன்று சுவரை ஒழுங்காகச் செய்வது சரி என்று இப்போது படுகிறது.

மாளிகை ஆவணங்களையும் அப்போதுதான் தேடினோம். அரச கட்டடத் துறையின் கணக்குகள் பாரிசின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெரிய அளவில் காக்கப்பட்டிருக்கின்றன. தச்சர், சிற்பி, பொன் பூசுகிறவர் ஆகியோர் தனித்தனியாகப் பட்டியல் கொடுத்தே கூலி பெற்றார்கள். எங்கள் மாளிகைக்கான பொன் வேலைப் பட்டியலில் வெள்ளை பூசுவதும் அதைத் திரும்பச் செதுக்குவதும் வேலைகளாகவே எழுதப்பட்டிருந்தன. முதலிலேயே படித்திருந்தால் மூன்று ஓலைகள் பிழைத்திருக்கும்.

வேலை

ஓர் ஓலைக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, அழுத்தாமல் தள்ள வேண்டும். வண்ணம் 'டிக்' என்று தெறித்து விலகும். அடியில் கறுத்த புகை. அதை உலர்ந்த தூரிகையால் தட்டினால் பொன். இளம்பெண் மூன்றாம் வாரத்தில் ஓசையைக் கேட்டே அடுக்கைச் சொல்லத் தொடங்கினார். துத்தநாக வெள்ளை உடையும் ஓசை கூர்மையானது. ஈய வெள்ளையுடையது மந்தம்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நான்காம் பலகையின் இசைக் கருவிக் கொத்தில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. மரத்தில் அது உருண்டையான வெறும் குச்சி. அதன் துளைகளும் கணுக்களில் கட்டிய வளையங்களும் வெள்ளையிலேயே குடையப்பட்டவை. துளைகளின் விளிம்பில் மெருகேறிய பொன். உள்ளே ரேக்கு எட்டாமல் மஞ்சள் காவி. எதிர்ப்புறம் நின்று பார்த்தால் அந்தக் காவியே நிழலாகித் துளைக்கு ஆழம் தருகிறது. இதைச் செய்தவர் மெழுகுவத்தி எங்கே நிற்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்.

விரிசல் ஓரங்களில் தூக்கிய செதில்களுக்கு மீன் பசையை நுண்ணூசியால் செலுத்தி, பட்டுத்தாள் வைத்து, இளஞ்சூட்டில் அழுத்தினோம். இங்கே தண்ணீர் பயன்பட்டது, சொட்டுக் கணக்கில். விரிசலின் காரணத்தை அந்தத் துப்புரவுப் பணியாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். குளிர்காலச் சூட்டில் அறையின் ஈரப்பதம் இறங்குகிறது, ஓக் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, மேலிருக்கும் சுண்ணப் பூச்சு சுருங்குவதில்லை, இடமில்லாமல் தூக்கிக்கொள்கிறது. போதாததற்கு, பிற்காலத்தில் யாரோ பலகைகள் ஆடாமல் இருக்கச் சட்டத்தோடு ஆணியடித்திருந்தார்கள். தளர்வாக இருக்க வேண்டிய பலகையைக் கட்டிப்போட்டால் அது நடுவில் பிளக்கத்தானே செய்யும். அந்த ஆணிகளைப் பிடுங்கினோம். சூடேற்றும் கருவியின் அளவைக் குறைத்து, ஈரப்பதத்தை 45 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைக்க ஏற்பாடாயிற்று.

இழந்த மூன்று ஓலைகள்

இதைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். வெறும் மரமாக விட்டுவிடலாம் என்றார் ஒருவர், அதுதான் நேர்மை. எதிர்ப்பக்கத்து ஓலைகளைப் பார்த்து வெள்ளை பூசித் திரும்பச் செதுக்கலாம் என்றார் இன்னொருவர். அந்தப் பலகை வலமும் இடமும் சேர்ந்தே ஒரு உருவம், பாதி நொண்டியாக நின்றால் மீதியின் அழகும் கெடும். காப்பாளரின் அச்சம் வேறு. இன்று செய்ததை நாளை ஒருவர் 18ஆம் நூற்றாண்டு வேலை என்று நம்பிவிடக் கூடாது.

பொன் கலைஞர் இரண்டு ஓலைகளைச் செய்ய ஒப்புக்கொண்டார். எதிர்ப்பக்க நரம்புகளை அப்படியே நகலெடுக்க அவர் மறுத்துவிட்டார். முதலில் ஒரு வாரம் தனிப் பலகைத் துண்டுகளில் பயிற்சி செய்தார். "அவன் கை எங்கே வேகமெடுக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். கோட்டை நகலெடுத்தால் கோடு நடுங்கும்" என்றார். செய்து முடித்த ஓலைகளின் பொன்னை ஒரு சாயல் அடக்கி வைத்தார். அருகில் நின்றால் புதியது என்று தெரியும், அறையின் நடுவில் நின்றால் தெரியாது. அவை இன்றைய வேலை என்று பலகையின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது ஓலை, தரைக்கு மிக அருகில், கதவு திறந்தால் மறையும் இடத்தில் இருக்கிறது. அதை வெறும் மரமாகவே விட்டோம். பலகைகளைப் படிக்க வரும் மாணவர்களுக்குக் காப்பாளர் கதவைச் சாத்தி அதைக் காட்டுகிறார்.

விளைவு

மூன்று சுவர்கள் முடிந்து திரைகள் விலகிய மாலையில் மின்விளக்கை அணைத்துவிட்டு, மேசையில் சில மெழுகுவத்தி வடிவ விளக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தோம். சிப்பிகளின் மேட்டில் ஒளி ஓடியது; மங்கல் பொன் பின்வாங்கி நின்றது. பொன் முழுமையாக இல்லை. தேய்ந்த இடங்களில் செங்காவி தெரிகிறது. சில இடங்களில் வெள்ளையே தெரிகிறது. புதிதாகப் பொன் பூசிய அறைகளைப் பார்த்துப் பழகிய பார்வையாளர்கள் சிலர், வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார்கள். காப்பாளர் பொறுமையாக விளக்குகிறார்.

திட்டமிட்டதைவிட ஏழு மாதம் கூடுதலாயிற்று. ஜன்னல் சுவர் பழைய மஞ்சளோடு நிற்கிறது.

மறுபடி செய்வதானால்

முதல் சதுரத்தைச் செதுக்கலுக்குள்ளேயே திறப்பேன். அதுவும் ஜோடியாக இருக்கும் உருவத்தின் ஒரு பாதியில் மட்டும். எதிர்ப்பாதி சாட்சியாக நிற்கும். எதைத் திறக்கும் முன்பும் அறையை இருட்டாக்கிச் சாய்வொளியில் எல்லாப் பலகைகளையும் படமெடுப்பேன். அதற்கு வேண்டியது ஒரு கைவிளக்கும் ஒரு பகலும்தான். தண்ணீர் கலந்த எதையும், அடியில் பசைப் பூச்சு இல்லை என்று உறுதியாகும்வரை பெட்டியிலிருந்து எடுக்கவிடமாட்டேன். கூலிப் பட்டியல்களைக் களிம்புக்கு முன் படிப்பேன்.

பொன் பூசுகிறவரை முதல் நாளே அழைப்பேன். வேலையின் வரிசைப்படி ஆட்களை அழைப்பது கட்டடம் எழுப்பும்போது சரி. பழையதைப் பிரிக்கும்போது கடைசியாகக் கை வைத்தவரின் தொழிலைத்தான் நாம் முதலில் தொடுகிறோம்.

அந்த இளம்பெண் பஞ்சைக் காட்டாமல் வாளியில் போட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறாம் பலகை முழுவதும் போயிருக்கும். அவர் தயங்கியே கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார். மூத்தவர்களின் முடிவைக் கேள்வி கேட்பதாகிவிடுமோ என்ற பயம். இப்போது எங்கள் பட்டறையில் நாள் முடிவில் பயன்படுத்திய பஞ்சுகளை வெள்ளைத் தட்டில் பரப்பி எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம். கேட்பதற்கு யாருக்கும் துணிச்சல் தேவைப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

துப்புரவுப் பணியாளர் இன்னும் உறை வைத்திருக்கிறார். இப்போது உறைகளை நானே வாங்கிக் கொடுக்கிறேன். எந்தச் சுவரின் அடியில் எடுத்தது என்பதையும் அவர் எழுதுகிறார். வேலை முடிந்த பின் வந்த முதல் குளிர்காலத்தின் உறையில் மூன்று செதில்கள் இருந்தன. மூன்றும் ஜன்னல் சுவரிலிருந்து விழுந்தவை. மூன்றின் விளிம்பிலும் பொன் இருந்தது.